தப்பாது

திருப்பதி ஆஸ்பத்திரியில் என் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் அந்தச் சித்தூர் அக்காவின் கணவர் படுத்திருந்தார். சர்க்கரையில் கால் அழுகிவிட்டது. அக்கா ஒட்டிய கன்னமும் தோளில் ஈரத்துண்டுமாக இருப்பார். நர்ஸ் கட்டு மாற்றிவிட்டுப் போனதும் அந்தக் காலின்மேல் கையை வைத்து, கண்ணை மூடிக் கர்த்தரிடம், "கால இடற விடமாட்டேன்னு சொன்னவரு நீரு. உம்ம வார்த்தை தப்பாது" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சலே வந்தது.

ஒருநாள் டாக்டர் தெலுங்கில் சொன்னார்: "காலு தீசேயாலம்மா. தப்பது." காலை எடுத்தே ஆகவேண்டும், வேறு வழியில்லை என்று அர்த்தம். தன் வார்த்தையே தன்மேல் திரும்பி வந்ததைக் கேட்டு அக்கா சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் இனிப் பார்க்கவேண்டாம்.

முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் அவரைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். கால் இருந்த இடத்தில், வெறும் விரிப்பின்மேல், அக்கா கையை வைத்தார். "உம்ம வார்த்தை தப்பாது." இந்தத் தடவை குரல் ஜெபம் மாதிரி இல்லை.

"இன்னுமா நம்பிக்கினு இருக்கீங்க, அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"நம்பலன்னா, சொன்னீரே, ஏன் செய்யலன்னு யாராண்ட போயி கேக்கறது?" என்றார்.

மறுவாரம் என் அம்மா போய்விட்டாள். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. சண்டைபோட ஆள் தேடிக்கொண்டு அந்த வராந்தாவில் வெகுநேரம் நின்றேன்.