மகேஸ்வரிக்கு எட்டாம் மாதம் என்றது கம்ப்யூட்டர்

1. போன்

துணை சுகாதார நிலையத்தைத் திறந்து எடை மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மகேஸ்வரி மில் வேனைக்கூட விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து நின்றாள். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை பார்ப்பவள். மம்சாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு மாதத்துக்கு முன்னால், மூன்றாம் மாதத்திலேயே அவளுக்குக் கரு கலைந்திருந்தது. போனை என்னிடம் நீட்டினாள்.

"அக்கா, இந்தப் பொம்பளையப் பேச வேணாம்னு சொல்லுங்க. எனக்கு அஞ்சாம் மாசமாம். பிள்ளை அசையுதானு பாக்கச் சொல்லுது. எம்புட்டு தடவ கட் பண்ணாலும் திரும்ப வருது."

பதிவு செய்த கர்ப்பிணிகளுக்கு மாதாமாதம் தானாக வரும் குரல் அது. கரு கலைந்தது தெருவுக்கே தெரியும். ஆளுக்கொரு காரணமும் வைத்திருந்தார்கள். வேனில் குலுங்கியதால் என்றார் மாமியார். பப்பாளி என்றார் எதிர்வீட்டுக்காரர். கிரகணத்தன்று வாசலுக்கு வந்தாள் என்றார் சின்ன மாமியார். கலையவே இல்லை என்று சாதித்தது எங்கள் கம்ப்யூட்டர் மட்டும்தான்.

அதற்குச் சொல்லாமல் விட்டவள் நான். கிராம சுகாதார செவிலியர் வேலையில் எனக்கு அப்போதே இருபத்தைந்து வருட சர்வீஸ். அந்த நம்பரை அவள் போனில் பிளாக் பண்ணிக் கொடுத்து, பெரிய காரியம் சாதித்தவள் போல அனுப்பிவைத்தேன். அடுத்த மாதம் அந்தக் குரல் அவள் கணவனின் போனுக்குப் போனது.

2. டார்கெட்

சொல்லாததற்குக் காரணம் உண்டு. கலைந்த வாரமே மேடத்திடம் போனேன். எங்கள் வட்டார மேற்பார்வை அவர்தான்.

"சிஸ்டர், இந்த மாசம் நம்ம ஏரியால ஏற்கனவே ரெண்டு அபார்ஷன். இன்னொண்ணு ஏத்தினா ரிவ்யூ மீட்டிங்ல என்னைய எந்திரிச்சு நிக்க வச்சிருவாங்க. பொறவு உங்களையும் நிக்க வைப்பேன். கொஞ்ச நாள் போகட்டும்."

கிளம்பும்போது, "அந்தப் பொண்ணு பேர கருத்தடை மாத்திரை லிஸ்ட்ல சேத்துக்கோங்க. டார்கெட்டுக்கு ஒண்ணு குறையுது" என்றார். சேர்த்துக்கொண்டேன்.

ஆக, கர்ப்பிணிகள் பதிவேட்டில் மகேஸ்வரிக்கு மாதம் ஏறிக்கொண்டே போனது. கருத்தடைக் கணக்கு எழுதும் தம்பதியர் பதிவேட்டில் அவள் பிள்ளை வேண்டாமென்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வீட்டிலோ பிள்ளை வேண்டுமென்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். மாமியார் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு வேண்டிக்கொண்டு, மருமகளைப் படியேறாதே என்றார். ஆனால் அடுப்படியிலிருந்து தண்ணீர்த்தொட்டி வரைக்கும் எல்லா வேலையும் அவளுக்கே இருந்தது.

"நான் எதும் தப்பு பண்ணிட்டேனாக்கா?" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள்.

"வேனும் இல்ல, பப்பாளியும் இல்லட்டி. நூத்துக்குத் தொண்ணூறு தானாக் கலையுறதுதான். உடம்பு தேறட்டும், ஃபோலிக் மாத்திரைய மட்டும் விடாத" என்பேன். அந்த ஒரு விஷயத்திலாவது உண்மையைச் சொன்னேன்.

3. இரண்டு கோடு

போன் வந்து மூன்று மாதம் கழித்து, கர்ப்பம் பார்க்கும் கார்டில் இரண்டு கோடு விழுந்த அன்று மகேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. "இது நிக்குமாக்கா?" என்றாள். சீக்கிரம் பதிந்தால்தான் ஸ்கேனுக்கு எழுத முடியும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. இவளுக்கு இப்போது எட்டாம் மாதம், எட்டாம் மாதக்காரி எப்படிப் புதிதாகக் கர்ப்பமாவாள் என்பது அதன் வாதம். நியாயம்தானே.

ஆபரேட்டர் பெண் கெட்டிக்காரி. "பிரசவம் ஆயிருச்சுனு போட்டு பழச முடிச்சிரலாம்க்கா. ஆணா பெண்ணானு மட்டும் சொல்லுங்க. எடை ரெண்டே முக்கால் போட்டுக்கிடுதேன்."

"அந்தப் பிள்ளைக்கு ஒண்ணரை மாசத்துல தடுப்பூசி போட்டாச்சானு கம்ப்யூட்டர் கேக்குமே. யாருக்குப் போட?"

அதற்குள் மேடம் வந்தார். "பழச மொத்தமா அழிச்சிருங்க. இதையே முதல் கர்ப்பம்னு ஏத்துங்க. உங்களுக்கும் மெமோ இல்ல, எனக்கும் மீட்டிங் இல்ல."

பொய் சொல்வானேன், நானும் தலையாட்டினேன். பென்ஷனுக்கு நான்கு வருடம் இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகேஸ்வரி எழுந்துவந்தாள். "மேடம், இது எனக்கு ரெண்டாவது."

"முதல்னு போட்டா உனக்கு என்னம்மா நஷ்டம்?"

"அது மூணு மாசம் என் வயித்துல இருந்துச்சு மேடம். அதப் பத்தி வீட்டுல பேசக்கூடாதுங்காவ. மில்லுல கேக்க ஆளில்ல. உங்க நோட்டுல மட்டுந்தான் இருக்கு. அதையும் அழிச்சிட்டா எப்படி?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்து இவளைப் பார்க்கப்போகும் டாக்டருக்கு முன்னது கலைந்தது தெரிய வேண்டாமா என்பதுகூட அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தைந்து வருட சர்வீஸ்!

"கலைஞ்சதுனே போடும்மா. தேதி நான் சொல்லுதேன்" என்று ஆபரேட்டரிடம் சொன்னேன். "லேட்டாப் பதிஞ்சதுக்கு என் பேரப் போட்டுக்கோ." மேடம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். மாத்திரை லிஸ்டிலிருந்தும் அவள் பெயரை நீக்கினேன். புதுப் பதிவில், எத்தனையாவது கர்ப்பம் என்ற கட்டத்தில் இரண்டு என்று ஏறியது.

மறுநாளே மெமோ வந்தது. எங்கள் ஆபீஸில் அத்தனை சீக்கிரம் வந்த காகிதத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்கேனில் துடிப்புத் தெரிந்த அன்று மகேஸ்வரி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மீட்டிங்கில் மேடத்தோடு நானும் எழுந்து நின்றேன். பத்து நிமிடம், அவ்வளவுதான்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, கலைந்தால் அன்றைக்கே எழுதிவிடுங்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பயந்துதான் நான் ஒருத்தியை, இல்லாத பிள்ளையை ஐந்து மாதம் சுமக்க வைத்தேன்.