காலிதீன் பார்த்த சைக்கிள் பொருத்தம்

கல்முனை பஸாரில் காலிதீனின் சைக்கிள் கடைக்குப் போனவர்கள், தாங்கள் மனதில் நினைத்துப் போன சைக்கிளோடு வீடு திரும்பியது அபூர்வம். வந்தவர் ஒரு ஹாண்டிலைத் தொடுவதற்குள் காலிதீன் ஆரம்பித்துவிடுவார்.

"எந்த ரோட்டால போவீங்க? பின்னால என்னத்த ஏத்துவீங்க? சாரமா, கால்சட்டையா?"

காரைதீவு வேலப்போடி பளபளக்கும் மட்காட்டுக்கு ஆசைப்பட்டு வந்தார். வயல் வரம்பில் ஓடப்போகிறவர் என்று தெரிந்ததும் காலிதீன் அந்த மட்காட் இரண்டையும் கழற்றி எறிந்தார். சேற்றுக் களி அடைத்தால் சில்லு சுற்றாது. பதிலுக்கு, நெல்மூட்டை தாங்கும் இரும்புக் கரியர் ஒன்றைப் பூட்டிக் கொடுத்தார். றபீக்கா டீச்சருக்குச் சேலை சிக்காதபடி பின்சில்லுக்கு வலையும், செயினுக்கு முழுமூடியும் போட்டார். இருவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். இருவரும் பிறகு தங்கள் சொந்தக்காரர்களை அனுப்பினார்கள்.

இந்த அறிவு அவருக்குக் கடையில் வந்ததல்ல. இளந்தாரியாக இருந்தபோது மச்சானின் சைக்கிளில் இறக்காமத்து வயலுக்குச் சோறு கொண்டுபோவார். ஒருநாள் எதிரே யானை வர, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். யானை சோற்றையும் தின்று சைக்கிளையும் மிதித்துவிட்டுப் போயிற்று. மச்சானுக்குத் தெரியாமல் அதை நிமிர்த்திப் பூட்ட எடுத்த பதினொரு நாளில் தொழில் கைக்கு வந்துவிட்டது.

கூடவே ஒரு குறும்புக் குணமும் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்து பார்க்கும் கல்வி அதிகாரி ஒருவர், சத்தமே வராத சைக்கிள் கேட்டு வந்தார். காலிதீன் நல்ல சைக்கிளாகத்தான் கொடுத்தார். பெல்லின் ஸ்பிரிங்கை மட்டும் கொஞ்சம் இளக்கிவிட்டார். ஒவ்வொரு குழியிலும் அது தானாகக் 'கிணிங்' என்றது. அரை மைலுக்கு அப்பால் அவர் வருவது எல்லா வகுப்புக்கும் தெரிந்தது. ஒரு வருடமாக எந்த ஆசிரியரும் கதிரையில் தூங்கவில்லை என்று அதிகாரி தன் நிர்வாகத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

இப்படி ஊரையே ஆட்டிவைத்த மனிதர் ஆடிப்போனது எண்பத்திரண்டாம் ஆண்டு நோன்புப் பெருநாளில்.

இறக்குமதி திறந்துவிடப்பட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஜப்பானில் ஓடிக் கழித்த ரேசிங் சைக்கிள்கள் இரண்டு கடைக்கு வந்திருந்தன. ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி வளைந்த ஹாண்டில், விரல் தடிப்பில் டயர். குவைத்தில் நாலு வருடம் இருந்துவிட்டு வந்த இப்றாஹிம் கறுப்புக் கண்ணாடியோடு வந்து அதில் ஒன்றின் முன்னால் நின்றான்.

"காக்கா, இத இறக்குங்க."

"தம்பிக்கு இப்ப என்ன வேல?"

"வாப்பாட அரிசிக் கடையப் பாக்கிறன்."

"அரிசிக் கடைக்காரனுக்கு இது என்னத்துக்கு? கரியர் இல்ல, மட்காட் இல்ல. குனிஞ்சிக்கிட்டே ஓடணும். எதிர்ல வாற ஆளுக்கு ஸலாம் சொல்றதெண்டாலும் முழங்காலப் பாத்துத்தான் சொல்லணும்."

"பெருநாளைக்கி கிளப்பால சைக்கிள் போட்டி வெக்கிறாங்களாமே? நான் பேர் குடுத்திட்டன்."

காலிதீனும் பெயர் கொடுத்திருந்தார். அது மெதுவோட்டம். அறுபது யார் தூரத்தை, கால் நிலத்தில் படாமல், எல்லோருக்கும் கடைசியாக ஓடி முடிப்பவருக்கே பரிசு. ஒலிபெருக்கியில் வெறும் 'சைக்கிள் போட்டி' என்றுதான் சொன்னார்கள். ஊரில் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. குவைத்தில் இருந்தவனுக்கு எப்படித் தெரியும்?

சொல்லிவிடத்தான் காலிதீன் வாயைத் திறந்தார். இப்றாஹிமின் கறுப்புக் கண்ணாடிக்குள் இரண்டு காலிதீன்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"அப்பிடியெண்டா இதான் பொருத்தம் தம்பி," என்றார். சைக்கிளோடு கையுறை, தொப்பி, தண்ணிப் போத்தல், காற்சட்டை நுனியைச் செயின் கவ்வாமல் பிடிக்கும் கிளிப் எல்லாம் போயின.

அடுத்த நாளில் இருந்து இப்றாஹிம் விடியுமுன் சஹர் சாப்பிட்டு, சுபஹ் தொழுத கையோடு அக்கரைப்பற்றுக்குப் போய் வரத் தொடங்கினான். போகப் பதினாறு மைல், வரப் பதினாறு. கச்சான் காற்று அவன் சேர்ட்டை உப்பவைத்து ஒரு பக்கமாகத் தள்ளும். நோன்போடு நாக்கு வரள வந்து கடையைத் தாண்டும்போது காலிதீன் வாசலில் நின்று, "இன்னும் வேகம் வேணும் தம்பி!" என்பார்.

வீட்டில் அவருடைய மனைவி ஹாஜறா இதைக் கேட்டு வாயில் கைவைத்தாள்.

"நோன்போட ஓடுறான். பாவமில்லையா?"

"நானா ஓடச் சொன்ன? அவன் என்னக் கேட்கல்ல, நான் சொல்லல்ல."

அவர் தன்னுடைய சைக்கிளையும் தயார்படுத்திக்கொண்டிருந்தார். முன்பக்கம் சின்னப் பல்சில்லு, அகன்ற டயர், காற்று அரைவாசி, தாழ்த்திய சீற், நேரான அகல ஹாண்டில். எவ்வளவு மிதித்தாலும் நத்தை வேகம்தான். முற்றத்தில் கிணற்றுக்கும் வேலிக் கடப்புக்கும் இடையில் பின்னேரங்களில் ஓடிப் பழகினார்.

அந்த நேரத்தில்தான் மீன்காரர் கச்சிமுகம்மது கடப்படிக்கு வருவார். கரியரில் பெரிய பலகைப் பெட்டி. பாரத்தோடு இறங்கி ஏறுவது சிரமம் என்பதால் விலை படியும்வரை அவர் இறங்கமாட்டார். ஹாண்டிலை இங்கே ஒரு விரற்கடை, அங்கே ஒரு விரற்கடை அசைத்தபடி சைக்கிளின் மேலேயே நிற்பார். ஹாஜறா பேரம் பேசினால் அது சுருக்கமாக முடியாது. அன்று அவள் பேச்சை நடுவில் விட்டு, அவருடைய சில்லையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்களும் அந்தப் போட்டிக்குப் பேர் குடுங்களன்."

"மீன் பெட்டியோடயா?" என்று காலிதீன் கிணற்றடியில் இருந்து சிரித்தார்.

"பெட்டியக் கழத்தினா எனக்குச் சரிவராது," என்றார் கச்சிமுகம்மது, கேள்வியை மெய்யாகவே எடுத்துக்கொண்டு.

பெருநாள் பின்னேரம். மைதானத்தில் சுண்ணாம்பால் ஏழு பாதைகள் போட்டிருந்தார்கள். சுற்றுவேலிக்கு அப்பால் பெண்கள் கூட்டம். விதிகளை வாசித்து முடித்த பிறகு, உடம்பைச் சூடாக்கச் சாய்ந்தமருதுவரை ஓடிப்போயிருந்த இப்றாஹிம் வியர்வையோடு வந்து கோட்டில் நின்றான். பக்கத்துப் பாதையில் காலிதீன். அதற்கடுத்ததில் வெறும் மீன்பெட்டியோடு கச்சிமுகம்மது.

விசில் ஊதியது.

மற்ற ஆறு பேரும் ஒரு முழம் நகர்வதற்குள் இப்றாஹிம் அறுபது யாரையும் முடித்துவிட்டான். மணலில் நிறுத்த முடியாமல் ஐஸ்பழக்காரரை ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு திரும்பிப் பார்த்தான். சனம் கூக்குரல் போட்டுச் சிரித்தது. ஆறு சைக்கிள்களும் புறப்பட்ட இடத்திலேயே ஆடிக்கொண்டு நின்றன.

"என்ன, இவங்க வெளிக்கிடல்லையா?" என்று ஐஸ்பழக்காரரைக் கேட்டான்.

அவர் சொன்னார். இப்றாஹிமின் கைகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. கண்ணாடியைக் கழற்றி நேராகக் காலிதீனைப் பார்த்தான்.

அந்த முகத்தைக் காலிதீன் பார்த்திருக்கக் கூடாது. உதட்டைக் கடித்தார். வயிற்றில் கிளம்பிய சிரிப்பு தோளுக்கு வந்து, தோளில் இருந்து ஹாண்டிலுக்கு இறங்கி, முன்சில்லு நடுங்கத் தொடங்கியது. பதினாறு நாள் பொத்திவைத்த சிரிப்பு ஒரேயடியாக வெடித்தது. வலது கால் நிலத்தில் ஊன்றியது.

"காலிதீன் காக்கா அவுட்!"

மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக விழுந்தார்கள், சிலர் கோட்டைக் கடந்தார்கள். கச்சிமுகம்மது இன்னும் பாதித் தூரம்கூடப் போகவில்லை. வேலிப்பக்கம் இருந்து ஹாஜறாவின் குரல் கேட்டது.

"நாளைக்கிக் கீரி மீன் வருமா?"

"கடல் தந்தா வரும் தங்கச்சி," என்று அவர் தலையைத் திருப்பிப் பதில் சொன்னார். சைக்கிள் அசையவில்லை. பரிசாக வைத்திருந்த சுடுதண்ணிப் போத்தலை வாங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டுதான் இறங்கினார்.

மறுநாள் காலையில் இப்றாஹிம் கடைக்கு வந்தான். உள்ளே நாலு வாடிக்கையாளர்கள். காலிதீன் முந்திக்கொண்டார்.

"தம்பி, கோவிக்காதீங்க. அதத் தந்திட்டு நல்ல கரியர் சைக்கிளா ஒண்டு எடுங்க. மாத்தித் தாறன்."

"மாத்தித் தரச் சொல்லி ஆரு கேட்ட? ஓடி ஓடி எனக்கு இது பழகிற்று. விடியக்கொள்ள நிந்தவூர் வயலுக்குள்ளால போற சுகம் ஒங்களுக்குத் தெரியுமா?" இப்றாஹிம் மற்ற ரேசிங் சைக்கிளைக் கை காட்டினான். "இத எடுங்க. நாளைக்கி நீங்களும் நானும் அக்கரைப்பற்றுக்கு."

நாலு வாடிக்கையாளர்களும் காலிதீனைப் பார்த்தார்கள். பத்து வருடமாகச் சைக்கிள் விற்கிற மனிதர் ஏலாது என்று எப்படிச் சொல்வது?

காரைதீவில் கழுத்து பிடித்தது. நிந்தவூரில் இடுப்பு போயிற்று. வயலின் சுகம் எதுவும் தெரியவில்லை. முன்சில்லும் தாரும்தான் தெரிந்தன. அட்டாளைச்சேனையில் அந்தக் கத்தி போன்ற சீற்றைப் பற்றி வாய்விட்டு முனகினார். அக்கரைப்பற்றுச் சந்தியில் இறங்கியவருக்கு நிமிர முடியவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர், அவர் எதையோ தவறவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்துத் தானும் குனிந்து தேடினார்.

திரும்பும்போது சைக்கிளை பஸ்ஸின் கூரையில் ஏற்றிவிட்டு, உள்ளே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நிற்க, இப்றாஹிம் ஒவ்வொரு தரமும் அதை எட்டிப் பிடித்து, ஜன்னலைத் தட்டி, "இன்னும் வேகம் வேணும் காக்கா!" என்றுவிட்டு முன்னால் போனான். மூன்றாம் தரம் காலிதீனுக்கே சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பு வலித்தது.

ஹாஜறா எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். ஒரு கிழமை அவர் நின்றபடியே வியாபாரம் செய்தார்.

அதன் பிறகு இளந்தாரிகள் பலர் வளைந்த ஹாண்டில் கேட்டு வந்தார்கள். காலிதீன் அவர்களைக் கடை வாசலில் குனிந்து நிற்கவைத்து, தான் கதிரையில் சாய்ந்திருந்து, ஒன்றில் இருந்து முந்நூறுவரை ஆறுதலாக எண்ணினார். பெரும்பாலானவர்கள் நூற்றைம்பதில் நிமிர்ந்து, கரியர் வைத்த சைக்கிள்களின் பக்கம் போனார்கள். முந்நூறைத் தாண்டியவர்களுக்கு அவர் வேறு கேள்வி கேட்காமல் சைக்கிளை இறக்கிக் கொடுத்தார்.