சிவப்புக் கோட்டுக்கு அடியில் ஒரு ஹென்வுட்

மகளோடு தங்க வந்திருக்கும் இந்த வெள்ளைக்கார ஊரின் பூங்காவில் உட்கார வேண்டுமென்றால் இறந்துபோன யாராவது ஒருவர் மேல்தான் சாய்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் ஒரு சிறிய பித்தளைத் தகடு இருக்கிறது. அதில் ஒரு பெயரும், இந்த இடம் அவருக்குப் பிடிக்கும் என்று ஒரு வரியும். நம் ஊர்க் கோயில்களில் டியூப்லைட்டின் மேல் 'உபயம்' என்று ஆரம்பித்து மூன்று தலைமுறையை எழுதியபின் மிச்சமிருக்கும் இடுக்கு வழியாக வெளிச்சம் வருமே, அப்படி இல்லை. இங்கே குனிந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டால்தான் படிக்க முடியும். நான் குனியவில்லை. மகள் வேலைக்குப் போனபின் காலை பத்து மணிக்கு வந்து உட்காருவேன், உத்திரமேரூரில் அப்போது மதியச் சாப்பாடு முடிந்திருக்கும் என்று கணக்குப் போடுவேன், எழுந்து போவேன். ஆறு மாதமாக வில்லியம் ஹென்வுட் என்பவர்மேல் சாய்ந்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

ஒருநாள் எண்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் துணியும் பாலீஷ் டப்பாவுமாக வந்து, கொஞ்சம் நகரச் சொல்லி, அந்தத் தகட்டைத் துடைக்க ஆரம்பித்தார். பெயர் ஜோன் ஹென்வுட். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவருடைய நினைவுப் பெஞ்ச் போலிருக்கிறது என்று எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். இவர் யாரென்றே தனக்குத் தெரியாது, ஆனால் ஹென்வுட் ஆயிற்றே என்றார். அந்தப் பெயர் கொண்டவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, அதற்குத் தான் செயலாளர், உலகத்தில் எங்கே எந்த ஹென்வுட் இருந்தாலும் பதிவேட்டில் ஏற்றுவது தன் வேலை என்றார்.

சங்கம் என்றதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். உத்திரமேரூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, வருவாய் ஆய்வாளராகி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். சங்கங்களின் காலண்டர்களை வருடந்தோறும் வாங்கி மாட்டியவன். நம்மவரில் கலெக்டர் ஆனவர், நம்மவரில் நீதிபதி ஆனவர் என்று வட்டவட்டமாகப் படம் போட்டிருப்பார்கள். ஆகவே அனுபவசாலியின் தோரணையில், உறுப்பினராக என்ன தகுதி என்று கேட்டேன். பெயர் என்றார். ரத்த உறவு? தேவையில்லை. வேறு எதுவுமே பார்க்க மாட்டீர்களா என்று, நம் ஊரில் அதை எந்தக் குரலில் கேட்போமோ அந்தக் குரலில் கேட்டேன். அவர் சற்று யோசித்து, ஆண்டுக் கூட்டத்துக்கு வரும்போது முடிந்தால் ஒரு கேக் கொண்டுவரலாம், கட்டாயமில்லை என்றார்.

அடுத்த நாள் பதிவேட்டையே கொண்டுவந்து காட்டினார். குறிப்பிடத்தக்க ஹென்வுட்டுகள் என்று ஒரு பகுதி. பாசிகளை ஆராய்ந்த ஒருவர். ஒரே ஆட்டத்தில் கால் முறிந்து ஓய்வு பெற்ற கால்பந்து வீரர். ஒரு பாதிரியார். அவருக்கு அடுத்த வரியிலேயே, ஆடு திருடியதற்காகக் கப்பலேற்றி நாடுகடத்தப்பட்ட ஒரு பெண்மணி. திருடியை ஏன் சேர்த்தீர்கள் என்றேன். அவளும் ஹென்வுட்தானே என்றார். எங்கள் ஊர்க் கோயில் சுவரில், குடவோலைக்கு யார் யார் பெயரை எழுதிக் குடத்தில் போடக் கூடாது, அவர்களுடைய உறவினர் யார் யார் பெயரைப் போடக் கூடாது என்று வரிவரியாக வெட்டிவைத்திருக்கிறார்கள். பெருமையான கல்வெட்டு, பார்க்க வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். தகுதியின்மையை எழுதுவதில் எங்களுக்கு ஆயிரம் வருஷப் பழக்கம். ஒரு பெயர் போதும், உள்ளே வா என்று சொல்லும் ஏட்டை நான் அன்றுதான் முதல்முறையாகக் கையில் பிடித்தேன்.

அந்தப் பட்டியலில் ஒரு வரியைத் தொட்டு, நீங்கள் மெட்ராஸ் பக்கமாயிற்றே, இந்த இடம் தெரியுமா என்றார் ஜோன். மருத்துவர் தாமஸ் ஹென்வுட், காலரா நோயாளிகளைப் பார்க்கப் போய்த் தானும் இறந்தவர், இறந்த இடம் உத்திரமேரூர். இரண்டு முறை படித்தேன். அங்கே இன்னும் ஹென்வுட்டுகள் யாராவது உண்டா என்று அவர் கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏனென்றால் அங்கே இருந்த ஹென்வுட்டை அடித்தவனே நான்தான்.

அப்போது நான் வருவாய் ஆய்வாளர். பெருநகர் என்ற கிராமத்தை ஒட்டிய காலனியிலிருந்து எஸ்தர் என்ற இளம்பெண், இறந்துபோன தகப்பனாருக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டு மனு கொண்டுவந்தாள். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் 'ஹென்வுட் ராசு' என்று எழுதியிருந்தது. கழனி வேலை செய்த கூலிக்காரர். இதென்ன பெயர் என்றேன். அவள் சொன்னாள்: காலரா வந்த வருஷம் காலனிக்குள் யாரும் கால் வைக்கவில்லை, ஒரு வெள்ளைக்கார டாக்டர் மட்டும் வந்து, பிரசவத்தில் கிடந்தவளைத் தொட்டு வைத்தியம் பார்த்துப் பிள்ளையை எடுத்தார், எடுத்த வாரத்திலேயே அவரும் போய்விட்டார், அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தலைச்சன் பிள்ளைக்கு அவர் பெயர். நான் குடும்ப அட்டையைப் பார்த்தேன். அதில் வெறும் ராசு. இப்படிப் பெயர் வித்தியாசம் வந்தால் என்ன செய்ய வேண்டுமென்று எனக்குத் தெரியாதா? இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று. ஒரு நாள் வேலை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. சட்டத்தில் இடமில்லை என்றேன். கூலிக்காரனுக்குத் துரை பெயர் எதற்கு என்பதுதான் என் மனத்தில் இருந்த சட்டம். சிவப்பு மையால் 'ஹென்வுட்'டை அடித்து, திருத்திப் புது மனு எழுதி வரச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த ராசு யார் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு பெருமழையில் ஏரி தளும்பி, கரை கசிந்து, மதகுப் பலகை சிக்கிக்கொண்ட காலையில், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மூன்று முறை முங்கி அதைத் தூக்கிவிட்டவர். கரைமேல் குடை பிடித்து நின்ற அதிகாரிகளில் நானும் ஒருவன். அறிக்கை எழுதியதும் நான்தான். 'பொதுமக்கள் ஒத்துழைப்புடன் மதகு திறக்கப்பட்டது' என்று எழுதினேன். அந்தப் பொதுமக்கள் மொத்தம் ஒரே ஆள்.

ஜோனிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். எங்கள் அலுவலகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற தனபாலுக்குப் போன் செய்தேன். அவன் மறுநாளே வண்டியில் பெருநகருக்குப் போய், எஸ்தர் வீட்டிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான்.

"சார், அம்மா பக்கத்துலதான் கீறாங்க. பேசுங்க. லைன் போச்சுன்னா என்னைத் திட்டாதீங்க, இங்க இன்னும் அதே டவர்தான்."

திரையில் நரைத்த தலை ஒன்று வந்தது. என்னை உற்றுப் பார்த்தது.

"யாரு, ஆர்.ஐ. சாரா? செவப்பு இங்க் சாரு?"

"ஆமாம்மா."

"உசுரோடதான் கீறீங்களா. சந்தோசம். இன்னா சார் வேணும்?"

சொன்னேன். இங்கே ஒரு பட்டியல் இருக்கிறது, அந்தப் பெயர் உள்ள குறிப்பிடத்தக்கவர்களை எல்லாம் ஏற்றுகிறார்கள், உங்கள் அப்பாவைச் சேர்க்கக் கேட்கலாம் என்றிருக்கிறேன் என்றேன்.

"பெரிய மனுசங்க லிஸ்டுன்றீங்க. எங்க நைனா கழனிக்குப் போன ஆளு சார்."

"அதுல ஆடு திருடினவளும் இருக்காம்மா."

"அப்டியா? அப்ப நைனாவ தாராளமா போடலாம்." சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கேட்டாள்: "போட்டு இன்னா பண்ணுவாங்க?"

"வருஷத்துக்கு ஒருநாள் எல்லாரும் கூடி, எல்லாப் பேரையும் சத்தமா படிப்பாங்க."

"முழுசா படிப்பாங்களா?"

"முழுசா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தனபாலின் கட்டைவிரல் கொஞ்ச நேரம் திரையை மறைத்தது. பிறகு நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன்: இவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான், அந்தப் பெயர் எழுதிய ஏதாவது ஒரு அரசாங்கக் காகிதம்.

"சர்க்கார் காகிதத்துல இருந்ததை நீங்கதான சார் அடிச்சீங்க?"

"ஆமாம்மா."

"அந்தக் காகிதம் கீது, இருங்க."

உள்ளே போய் பைபிளோடு வந்தாள். அதற்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்துத் திரைக்கு முன் பிடித்தாள். என் அலுவலக முத்திரை. வரவு எண். நடுவே ஒற்றைச் சிவப்புக் கோடு. கோட்டுக்கு அடியில் 'ஹென்வுட்', ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று. ஓரத்தில் என் சுருக்கொப்பம்: கோ.ச. முன்னது அப்பா, பின்னது நான்.

அலுவலகத்தில் சேரும் யாருக்கும் முதலில் சொல்லித்தருவது இதுதான். அடித்தால் ஒரே கோடாக அடி. அடித்தது என்னவென்று பின்னால் வருபவன் படிக்க முடிய வேண்டும். ஓரத்தில் சுருக்கொப்பம் இடு. சுரண்டாதே, மை பூசாதே. நான் கொஞ்சம் கோபக்காரனாக மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு அந்தப் பெயரைக் கிறுக்கி மூடியிருப்பேன். விதிப்படி நடப்பவனாக இருந்ததால் அது பிழைத்தது. விதி என்னைவிட நல்ல மனிதனாக இருந்திருக்கிறது.

"இதை ஏம்மா வச்சிருந்தே?"

"நைனா பேரை முழுசா எழுதி, சர்க்கார் முத்திரை குத்தின காகிதம் இது ஒண்ணுதான் சார். நீங்க அடிச்சா இன்னா? படிக்க முடியுதில்ல."

அன்றைக்கு நான் சொன்னதுபோல் சட்டம் எதுவும் கிடையாதம்மா என்றேன்.

"தெரியும் சார். எம் பொண்ணுக்கு ஹென்வுட் மேரின்னுதான் வச்சேன். பதியறப்ப அந்த ஆபீஸ்ல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. நீங்கதான் பேஜார் பண்ணீங்க."

தாளின் படத்தைத் தனபால் அனுப்பினான். பெஞ்சில் வைத்து ஜோனிடம் காட்டி, வரிவரியாக மொழிபெயர்த்தேன். அவர் சிவப்புக் கோட்டில் விரலை வைத்தார். இறந்தவர் பெயரை உங்கள் நாட்டில் இப்படித்தான் கோடிட்டுக் குறிப்பீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். அதைவிட வசதியான கதவை யாரும் எனக்குத் திறந்துவிட்டதில்லை. தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆயுளுக்கும் அது தொண்டை நாட்டு வழக்கம் என்று இங்கே பதிவாகியிருக்கும். ஆனால் அதுவும் ஒரு பதிவேடு அல்லவா? பொய்ப் பதிவு போட மனம் வரவில்லை. கோடு போட்டது நான், காரணம் இது என்று எல்லாவற்றையும் சொன்னேன். மதகையும் சொன்னேன், பொதுமக்கள் ஒத்துழைப்பையும் சொன்னேன். சொல்லும்போது என் ஆங்கிலம் அலுவலக ஆங்கிலமாகவே இருந்தது. அழுத்தம் வரும்போது எனக்கு வேறு ஆங்கிலம் வராது.

ஜோன் தன் பதிவேட்டைத் திறந்து பக்கம் புரட்டினார். பிறகு தாமஸ் ஹென்வுட்டைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வரிதான் என்றார். அவர் கடைசி வாரத்தில் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு குடும்பம் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தன் பிள்ளைகள் பெயரிலேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. இப்படி ஒரு பதிவேடு எங்களிடம் இல்லை என்றார். அதற்கப்புறம், ஆசிரியையின் குரலில், அந்தக் கோட்டைப் பற்றிச் சங்கக் குழுவிடம் நீங்களே வந்து சொல்ல வேண்டும் என்றார்.

ஆண்டுக் கூட்டம் இங்குள்ள சர்ச்சின் பக்கத்து மண்டபத்தில் நடந்தது. கேக்குகள் நிறைய இருந்தன. நானும் ஒன்று வாங்கிப் போயிருந்தேன். குழு முன்னால் நின்று கோட்டின் கதையைச் சொன்னேன். ஒருவர் இருமினார். ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காகிதத்தை ஏற்றுக்கொண்டார்கள். பெயர்களைப் படிக்கும்போது, அந்தந்த ஹென்வுட்டுக்காக ஒருவர் எழுந்து நிற்பது அவர்கள் வழக்கம். காகிதம் கொண்டுவந்தவர் எவரோ அவர் நிற்கலாம். தாமஸ் ஹென்வுட்டுக்கு அடுத்ததாக ஜோன் நிதானமாகப் படித்தார். ஹென்வுட் ராசு. உத்திரமேரூர் வட்டம். ஏரி மதகைத் திறந்தவர். நான் எழுந்து நின்றேன். கையில் போன்; அதில் எஸ்தர், பின்னால் அவள் மகள், அவர்களுக்குப் பின்னால் இடமில்லாமல் ஒரு காதும் பாதி மீசையுமாகத் தனபால்.

"முழுசா படிச்சாங்க சார்," என்றாள் எஸ்தர்.

ஜோன் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்த அந்தத் தாளின் படத்தை அன்றே மண்டபச் சுவரில் மாட்டிவிட்டார்கள். இந்த நாட்டில் நான் மிஸ்டர் கோவிந்தன். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் அப்பா பெயரைப் போட்டதால், ரத்த அழுத்தம் பார்க்கவும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் சார்பில் நான் எழுந்து போகிறேன். கூட்டம் கலைந்தபோது ஒரு முதியவர் சுவரருகே நின்று, ஓரத்திலிருந்த இரண்டு தமிழ் எழுத்துகளைக் காட்டி, இதுவும் ஒரு ஹென்வுட்டா என்று கேட்டார். இல்லை, அது நான் என்றேன். அவர் அதையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். நானும் பார்த்தேன். இவ்வளவு தூரம் கடந்து வந்த இந்த நாட்டில், நான் என் கையால் எழுதியபடியே என் பெயர் இருக்கும் ஒரே இடம் அந்தச் சுவர்தான். அது ஒரு சிவப்புக் கோட்டின் ஓரத்தில் இருக்கிறது.