மங்களம் டீச்சர் நடந்து வரைந்த பூகோளம்

குளுவாங்கிலிருந்து வந்த காலை ரயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு வந்த எங்கள் பள்ளிக்கூடத்துப் பால்காரர், வகுப்பறை வாசலில் நின்று, "டீச்சர், நம்ம மங்களம் டீச்சர் போயிட்டாங்களாம்" என்றார். நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, "இந்தத் தடவை எந்தப் பக்கம்? சாஆ ஊருக்கா?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

அவளை அறிந்த உங்களில் யாரிடம் அந்தச் செய்தி அப்படி வந்திருந்தாலும் நீங்களும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். மங்களம் என்றால் எங்கோ போயிருக்கிறாள் என்றுதானே பொருள்? விடுமுறை நாளில் அவளை வீட்டில் பார்த்தவர் உண்டா? விஷக்காய்ச்சல் அவளைப் படுக்க வைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டபோதுகூட, படுத்திருக்கிற மங்களத்தை என்னால் மனத்தில் வரைந்து பார்க்க முடியவில்லை. நாற்பதைத் தொடாத வயது. அன்று மதியமே குளுவாங்குக்கு ரயிலேறினேன்.

அவளை நான் முதன்முதலில் பார்த்தது கப்பலில். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போன பெண்களில் மலாயாவின் ஜோகூர்க்காரிகள் நாங்கள் இருவர்தான். என் அப்பாவுக்கு ஜோகூர் பாருவில் ரயில்வே வேலை. அவளுடைய அப்பா குளுவாங்குக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர். பி.ஏ. முடித்ததும் நான் ஊர் திரும்ப மூட்டை கட்டினேன். அந்த நேரத்தில்தான், பட்டம் பெற்றவர்கள் மேற்கொண்டு ஓராண்டு பூகோளம் மட்டும் படிக்கலாம் என்று புதிதாக ஒரு படிப்பைத் தொடங்கினார்கள். அதைப் படித்தால் பள்ளிக்கூடத்தில் சம்பளம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது என் கணக்கு. மங்களத்துக்கு அந்தக் கணக்கு எதுவும் இல்லை. அவளை அழைத்துப் போக வந்திருந்த அவள் அப்பா விடுதி வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"இத்தன நாள் படிச்சது பத்தலையா? ஒலகம் எங்க இருக்குன்னு தெரியாமலா நீ கப்பல்ல வந்த?"

"கப்பல்காரருக்குத் தெரிஞ்சிருந்துச்சுப்பா. எனக்குத் தெரியலையே."

அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியாதல்லவா? தனியாகவே கப்பலேறிப் போனார்.

பூகோளம் படித்த மங்களத்துக்கு வழி தெரியாது என்பதை இங்கே சொல்லாவிட்டால் அவளே வந்து என்னைத் திட்டுவாள். மை வாங்கக் கிழக்கே போனால் குதிரைவண்டியில் மேற்கிலிருந்து வந்து இறங்குவாள். ஜோகூர் பாரு சந்தையில் மீன்காரர்கள் அவளைக் கைபிடித்து வாசலில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். நான் கேலி செய்தால் அவளுக்குக் கோபமே வராது. "வழி தெரிஞ்சவளுக்குப் படம் எதுக்குடி? என்னை மாதிரி ஆளுக்குத்தான் வேணும்" என்பாள். அதை வேடிக்கையாகவே நெடுநாள் எடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல வரைபடம் எது என்பதற்கு அதைவிட நேரான விளக்கத்தை எந்தப் பேராசிரியரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்த ஆண்டு மாணவர்களைப் பாலாற்றுக்கு அழைத்துப் போவதாக அறிவித்தார்கள். ஆறு எங்கே அரிக்கிறது, எங்கே மணலைக் குவிக்கிறது என்று நேரில் பார்த்து எழுத வேண்டும். பெண்கள் இருவரும் விடுதியில் இருந்தபடியே பழைய படத்தைப் பார்த்து வரைந்தால் போதும் என்றார் பேராசிரியர். நான் உள்ளூர நிம்மதி அடைந்தேன். மங்களம் எழுந்து நின்றாள். "ஆறு ஹாஸ்டலுக்கு வருமா சார்?" என்று கேட்டாள். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். கடைசியில் விடுதிக் கண்காணிப்பாளர் அம்மாள் துணைக்கு வந்தால் எங்களையும் அழைத்துப் போவதாக ஒப்புக்கொண்டார். அந்த அம்மாள் பட்டுப் புடவையோடு வந்து ஆற்று மணலில் செருப்பைப் புதைத்துவிட்டு, மாலை வரை அதைத் தேடிய கதையை மங்களம் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவள் சொன்னபோது செருப்பு ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழத்துக்குப் போனது.

ஊர் திரும்பியதும் எனக்கு ஜோகூர் பாருவில் ஆசிரியை வேலை உடனே கிடைத்தது. மங்களமோ நிலம் அளந்து படம் வரைகிற ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தாள். துணைக்கு நானும் போயிருந்தேன். அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரி அவள் வரைந்து கொண்டுபோயிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நல்லவர்தான், மனமாரப் பாராட்டினார். பிறகு, வரைகிற அறையில் ஆண்கள் மட்டுமே இருக்கிறார்கள், ஒரு பெண் உட்கார இங்கே இடமில்லை என்றார். வெளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வரைகிறேன் என்றாள் இவள். அவர் அதை நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார். சாலைக்கு வந்ததும், "சும்மாதான கேட்ட?" என்றேன். "நான் எதுக்கு சும்மா கேக்கப் போறேன்? அங்க நல்ல வெளிச்சம் இருந்துச்சு" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அதன்பின் குளுவாங்கில் பெண்கள் பள்ளி ஒன்றில் சேர்ந்தாள். அங்கேதான் சுந்தரம் அவளைப் பெண்கேட்டு வந்தார். தோட்டங்கள் சில கூடி நடத்திய ஆஸ்பத்திரியில் டிரெசர். காயம் கட்டுவதிலிருந்து மருந்து கலப்பது வரை எல்லாம் அவர் கையில்தான். பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று அவர் வீட்டார் கேட்டதற்கு அவரே, "எனக்குத் தெரியும்மா, போதும்" என்றாராம். அந்த வீட்டில் நாம் எல்லாரும் சாப்பிட்ட மீன்குழம்பை யார் வைத்தார்கள் என்பது இப்போது ரகசியமில்லை.

மழைக்காலத்தில் ஒருநாள், அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த அஞ்சலை என்ற பெண்ணைப் பிரசவ வலியோடு சேலைத் தூளியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாய் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. வீட்டுக்கு வந்த சுந்தரம் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். அப்போது நானும் அங்கே இருந்தேன். மங்களம் சுவரில் மாட்டியிருந்த படத்தில் விரலை வைத்தாள்.

"அந்த லயம் இங்கதானே இருக்கு? ஆஸ்பத்திரி இதோ. பக்கத்துலதானே?"

"படத்துல பக்கம்தான். நடுவுல ஆறு இருக்கு, பாலம் கெடையாது. அதத் தாண்டினா சதுப்பு. சுத்திக்கிட்டு வரணும், இல்லன்னா சேத்துல எறங்கணும் மங்களம்."

தோட்டங்களிலிருந்து வருகிற கர்ப்பிணிகளுக்காகப் புதிதாக ஒரு பிரசவ அறை கட்ட அப்போது ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ரயில் நிலையத்துக்கு அருகே இடமும் பார்த்தாகிவிட்டது. படத்தில் பார்த்தால் எல்லாத் தோட்டங்களுக்கும் அதுதான் நடு.

மங்களம் நடக்கத் தொடங்கினாள். ஓய்வு நாள்தோறும் ஒரு லயத்துக்குப் போவாள். பெண்களைக் கூட்டிக்கொண்டு அவர்கள் போகும் வழியிலேயே பட்டணம் வரை வருவாள். சில தடவை நானும் போனேன், முனகிக்கொண்டே. உடம்பு தேறிய பிறகு அஞ்சலையும் வந்தாள். சதுப்பின் ஓரத்தில் ஓர் இடத்தில் அவள் நின்றுவிட்டாள். "இதுக்கு மேல கால் வராதுங்க டீச்சர். வயித்துப் புள்ளக்காரி இந்தச் சேத்துல காலப் பிடுங்கி வைக்க முடியாது. நான் இங்கதான் விழுந்தேன். அப்புறம்தான் தூளி கட்டித் தூக்கினாங்க" என்றாள். மங்களம் அவள் கையைப் பிடித்து மேட்டில் உட்கார வைத்துவிட்டு, அந்த இடத்தைத் தாளில் குறித்துக்கொண்டாள்.

அந்த நடையெல்லாம் சேர்ந்து ஒரு படமானது. அதில் மைல் கணக்கு இல்லை. நிறைமாதப் பெண் எளிதாக வரக்கூடிய இடங்களுக்குப் பச்சை, சிரமப்பட்டு வரும் இடங்களுக்கு மஞ்சள், வரவே முடியாத இடங்களுக்குச் சிவப்பு. ஆற்றுக்கு அப்பால் முழுவதும் சிவப்பாக இருந்தது. "தூரம் நெலத்துல இல்லடி, நடக்குறவ ஒடம்புல இருக்கு" என்றாள். இதெல்லாம் எந்தப் பாடத்தில் வருகிறது என்று கேட்டேன். "நாம படிச்ச அதே பாடம்தான். நீ பரீட்சையோட மூடி வச்சிட்ட" என்றாள்.

ஆஸ்பத்திரியில் தோட்டத்துத் துரைமார் கூடிய கூட்டத்துக்கு அந்தப் படத்தோடு போனோம். பெரிய மருத்துவர் தயவில் பேசச் சிறிது நேரம் கிடைத்தது. துரைமாரில் மூத்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, ஓர் அடிக்கோலை எடுத்து லயத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே வைத்து, நேர்கோட்டில் தூரம் மிகவும் குறைவுதானே என்றார். மங்களம் தெளிவான ஆங்கிலத்தில், "அந்த நேர்கோட்டில் நீங்கள் ஒருமுறை நடந்து காட்டுங்கள், நானும் கூட வருகிறேன்" என்றாள். அறையின் மூலையில் நின்ற சுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய வேலை அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கையில் இருந்தது. துரையின் முகம் சிவந்தது. ஆனாலும் மனிதர் ரோஷக்காரர். மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் நடந்ததை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. துரை, மங்களம், நான் மூவரும் புறப்பட்டோம். ரப்பர் காட்டுக்குள் எல்லா வரிசையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பேசிக்கொண்டே முன்னால் நடந்த மங்களம் வழியைத் தவறவிட்டாள். நாங்கள் வெட்டுப்பட்ட அதே பால்மரத்தை மறுபடி மறுபடி சுற்றி வந்தோம். மழையும் பிடித்துக்கொண்டது. துரை நின்று, இந்தப் பாதை உன் படத்தில் இருக்கிறதா என்று கேட்டார். "பாதை இருக்கிறது. நாம் எங்கே இருக்கிறோம் என்பதுதான் அதில் இல்லை" என்றாள். அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

சதுப்புக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. முழங்கால் வரை சேறு. அவருடைய பூட்ஸ் ஒன்றைச் சேறு வாங்கிக்கொண்டது. ஆற்றில் இடுப்பளவு நீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கரை போய்ச் சேர்ந்தோம். லயத்து வாசலில் அவர் உட்கார்ந்தார். அஞ்சலை ஒரு டின் குவளையில் கடுங்காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள். அவர் குடித்தார். வந்த திசையைப் பார்த்தபடி, பிரசவ வலியோடு இதில் வருகிறார்களா என்று கேட்டார். மங்களம் அஞ்சலையைப் பார்த்தாள். அஞ்சலைக்குக் கேள்வி புரியவில்லை. ஆனால் அவர் எதைக் கேட்டிருப்பார் என்பது புரிந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினாள்.

எல்லாம் மங்களம் கேட்டபடி நடந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். பிரசவ அறையை ரயில் நிலையத்துக்கு அருகேதான் கட்டினார்கள். ஆனால் மழை விட்டதும் ஆற்றுக்குப் பலகைப் பாலம் வந்தது. அக்கரையில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சிறிய அறை எழும்பியது, அங்கேயே தங்குவதற்கு ஒரு மருத்துவச்சியும் வந்தாள். கூட்டத்தில் பேசியதை மறக்காத ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தார் போலும். சுந்தரத்தைக் கடலோர ஊரான மெர்சிங் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். கணவனும் மனைவியும் நெடுங்காலம் இரண்டு ஊர்களில் வாழ்ந்தார்கள். நான் வருத்தப்பட்டபோது, "மாத்தினாங்கன்னுதான் நான் அந்தக் கடலப் பாத்தேன். அவருக்கு மீனும் சல்லிசாக் கெடைக்குது" என்றாள். வரவழைத்துக்கொண்ட தைரியம் அல்ல அது. ஆனால் சுந்தரம் திரும்பி வந்த அன்று, பள்ளிக்கூடத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு அவர் வைத்த குழம்பை மூன்று வேளையும் சாப்பிட்டவள் அவள்தான்.

அவளுடைய ஈமக் காரியத்துக்கு அக்கரையிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். பாலத்தின் வழியாக, இடுப்பில் குழந்தைகளோடு. சுந்தரம் அண்ணன் அவர்களுக்குத் தண்ணீர் மொண்டு மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணே, இதைப் படித்தால் நீங்கள் அழுவீர்கள் என்று தெரியும். அழுதுவிட்டு ஜோகூர் பாருவுக்கு ஒருமுறை வந்து போங்கள். என் சமையலை நீங்கள் குறை சொல்லி நெடுநாளாகிறது.

அவளோடு வேலை பார்த்த இளம் ஆசிரியை லீலாவதி, அடுத்த ஆண்டு சென்னைக்குப் போய் அதே பூகோளப் படிப்பில் சேர இருக்கிறாள். மங்களம்தான் அவளைத் தயார்செய்துகொண்டிருந்தாள். இப்போது சனிக்கிழமைகளில் நான் குளுவாங்குக்குப் போய் அதைத் தொடர்கிறேன். முதல் நாள் லீலாவதி பென்சிலைத் தொடாமல், "டீச்சர், உண்மையச் சொல்லுங்க. இதப் படிச்சிட்டு வந்தா எனக்கு என்ன வேலை கெடைக்கும்?" என்று கேட்டாள்.

பள்ளிக்கூட வேலை நிச்சயம், சம்பளமும் கூடும் என்றுதான் இத்தனை காலமும் நான் எல்லாருக்கும் சொல்லிவந்திருக்கிறேன். அன்று வாயைத் திறந்தபோது வேறு பதில் வந்தது.

"நமக்குன்னு ஒரு வேலைய யாரும் எடுத்து வச்சிருக்க மாட்டாங்க லீலா. எடமில்லன்னு சொல்லுவாங்க. எங்க ஆள் தேவையோ அங்க நாமளா போயி நிக்கணும். போகப் போகத்தான் அது வேலையாகும்."

மங்களத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்தப் பதில்தான். அவள் இதை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அவள் வாழ்ந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்குள் தங்கிவிட்டது.

லீலாவதி பென்சிலை எடுத்துக்கொண்டு, "சரி, அந்த ஜன்னலத் தொறந்து விடுங்க டீச்சர், வெளிச்சம் பத்தல, படத்துல ஆத்தோட வளைவு சரியாத் தெரியல" என்றாள்.

எழுந்து போய்த் திறந்துவிட்டேன்.