தண்ணீர் ஓடாத லோரி

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு டீசல் லோரி வாங்கினார். பழசுதான். ஆனாலும் மாலை போட்டு, பொட்டு வைத்து, தெருவையே அடைத்து நிறுத்தியிருந்தார்.

சும்மா பார்த்துவிட்டு வந்திருக்கலாம். வாய் கேட்குமா? பானெட்டைத் திறக்கச் சொல்லி, தண்ணீர் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்று பாடமே நடத்திவிட்டேன். என் மனைவிக்கு ஆச்சரியம்.

"சோத்துக்கு எவ்வளவு தண்ணி வைக்கணும்னு தெரியாது... இது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

ஜப்பான்காரன் இந்த நாட்டை ஆண்ட காலத்தில் தெரிந்தது. உயிர் பயத்தோடு படித்த பாடம் மறக்குமா?

முதலில் பாடம். டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்கியே சூடாக்கி, அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது. அவ்வளவு சூட்டை இரும்பு எத்தனை நேரம் தாங்கும்? அதனால் சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர். பெல்ட்டில் சுழலும் பம்ப் ஒன்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே ஏறி, மேல் ஹோஸ் வழியாக முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்குப் போகும். அங்கே மெல்லிய குழாய்களில் இறங்கும்போது காற்றாடி ஆற்றிவிடும். ஆறின தண்ணீர் கீழ் ஹோஸ் வழியாக மறுபடி பம்புக்கு.

இந்தச் சுற்றுப் பாதையில் ஒரு வாட்ச்மேன் உண்டு — தெர்மோஸ்டாட். மேல் ஹோஸின் வாசலில் உட்கார்ந்திருக்கும் சின்ன வால்வு. இஞ்சின் சூடேறும் வரை கதவைத் திறக்காது. பனி கொட்டும் நாட்டில் அது தேவைதான். ஜொகூரில்? இங்கே அந்த வாட்ச்மேன் தூங்கிவிட்டால்...?

தூங்கினான். மெர்சிங் ரோட்டில்.

அப்போது நான் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. மாலை வகுப்பில் கொஞ்சம் ஜப்பானிய மொழி படித்திருந்தேன். கொஞ்சம் என்றால்... வணக்கம், தண்ணீர், 'தப்பி ஓடாதே'. இந்தத் தகுதியை நம்பி என்னை மொழிபெயர்ப்பாளனாக்கி, முகாமுக்குக் கருவாடு ஏற்றப்போன ராணுவ லோரியில் அனுப்பிவிட்டார்கள். ஓட்டியவர் சவரிமுத்து அண்ணன். கூட வந்த ஜப்பான் சார்ஜென்ட் ஊருக்குப் புதிது. மலாய் ஒரு வார்த்தை தெரியாது.

கருவாட்டோடு திரும்பும்போது, நடுக்காட்டு மேட்டில் கருகல் வாடை. சூடு காட்டும் முள் உச்சியில். அண்ணன் லோரியை நிறுத்தினார்.

சார்ஜென்ட் இறங்கி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தான். சூடே இல்லை. மூடியைத் திறந்தான். தளும்பத் தளும்பத் தண்ணீர். முகம் மாறியது. எதற்கு இங்கே நிறுத்தினான்? காட்டில் ஒளிந்து சண்டை போடுகிறவர்களுக்குச் சரக்கைக் கொடுக்கவா? துப்பாக்கி தோளிலிருந்து கைக்கு வந்தது.

"கிராணி, சொல்லுய்யா! தண்ணி இருக்கு, ஆனா ஓடலன்னு சொல்லு!"

நம்முடைய 'ஓடு' லேசுப்பட்ட சொல்லா? ஆறும் ஓடும், லோரியும் ஓடும், ஜெயிலில் இருக்கிறவனும் ஓடுவான். ஜப்பானியனுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று — முகாம் பக்கம் போகும்போதெல்லாம் காதில் விழுந்த 'நிகெரு'. தப்பித்து ஓடுவது.

குனிந்து வணங்கினேன். அண்ணனைக் கைகாட்டினேன். "மிஸு..." என்றேன். தண்ணீர். "நிகெரு..." என்றேன். 'இல்லை' என்று சேர்ப்பதற்குள் துப்பாக்கி முனை அண்ணன் கழுத்தில்.

"யோவ், என்னய்யா சொன்ன?"

"நீங்க சொன்னதத்தாண்ணே சொன்னேன்!"

"அலமாக்! அதுக்கு எதுக்குய்யா என் கழுத்தத் தேடுறான்?"

அண்ணன் என்னை நம்புவதை விட்டார். மெல்ல மேல் ஹோஸில் உள்ளங்கையை வைத்து, எடுத்துக் காட்டினார். சுடவில்லை. பிறகு இஞ்சின் மேல் எச்சில் துப்பினார். 'சொய்ங்!'

சார்ஜென்டும் ஹோஸைத் தொட்டான். யோசித்தான். அவனும் துப்பிப் பார்த்தான். 'சொய்ங்!' துப்பாக்கி கொஞ்சம் இறங்கியது. விரலால் காற்றில் வட்டம் போட்டு என்னைப் பார்த்தான்.

"குருகுரு...? குருகுரு?"

"வாத்தியார் இல்லீங்க, நான் கிராணி" என்றேன், சுத்தத் தமிழில்.

அண்ணன் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, அதே வட்டத்தைப் போட்டுத் தலையை ஆட்டினார். "குருகுரு இல்ல! குருகுரு இல்ல!" சுற்றிச் சுற்றி வருவதற்கு அவர்கள் மொழியில் அதுதானாம்.

இஞ்சின் ஆறும் வரை சார்ஜென்ட் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான், துப்பாக்கி மடியில். அண்ணன் நட்டுகளைக் கழற்றி வாட்ச்மேனை வெளியே எடுத்தார். கதவு இறுக்க மூடிக் கிடந்தது. அதை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு, சிகரெட் டப்பா அட்டையை வெட்டி, கிரீஸ் தடவி, தண்ணீர் கசியாதபடி மூட்டில் கொடுத்து நட்டுகளை முடுக்கினார். சிந்தின தண்ணீருக்குப் பதிலாக ஓடைத் தண்ணீரை ஊற்றினார். சார்ஜென்ட் லோரியைக் காட்டினான், அப்புறம் துப்பாக்கியைக் காட்டினான். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இஞ்சின் உறுமியது. அண்ணன் மேல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு ஜெபம் சொன்னது. கொஞ்ச நேரம்... இன்னும் கொஞ்ச நேரம்... சட்டென்று கையை உதறினார்.

"சுடுது! மாதாவே, ஓடுது! ஓடுது!"

என்ன சொல்கிறான் என்பதுபோல் சார்ஜென்ட் என் பக்கம் திரும்பினான். நான் குனிந்து வணங்கி, வாயைத் திறந்தேன். அண்ணனின் கிரீஸ் கை அதை அப்படியே பொத்தியது.

என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சரியான மொழிபெயர்ப்பு அதுதான்... ஒரு வார்த்தைகூடப் பிசகவில்லை.