பூரணம் சுற்றிய ஜாஸ்

கொக்குவிலில் ஜாஸ் கேட்கிற மனிதர் ஒரேயொருவர்தான் இருந்தார். அந்த ஒருவரே போதும் என்பது அயலவர்களின் அபிப்பிராயம். அவருடைய மனைவி பூரணத்தைக் கேட்டால், அந்த ஒருவரும் தேவையில்லை என்றுதான் சொல்லியிருப்பாள்.

மார்க்கண்டர் கொழும்புத் துறைமுகத்தில், ஒரு கப்பல் கம்பெனியில் கிளாக்கராக இருந்தவர். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் பலரைப் போலவே அவருக்கும் கொழும்பில் ஒரு வாடகை அறை, கொக்குவிலில் ஒரு குடும்பம், நடுவில் மாசக் கடைசி மெயில் ரயில். மற்றவர்களிடமிருந்து அவரைப் பிரித்தது கப்பல்காரர்கள். துறைமுகத்துக்கு வருகிற வெள்ளைக்காரக் கப்பலோட்டிகளுக்கு எங்கள் ஊர்ப் பனங்கட்டியின் ருசியை யாரோ காட்டிவிட்டார்கள். அது மார்க்கண்டர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் ஊரிலிருந்து ஓலைக் குட்டானில் பனங்கட்டி கொண்டுபோய்க் கொடுப்பார். அவர்கள் பதிலுக்கு ஜாஸ் இசைத்தட்டுக் கொடுப்பார்கள். இரு பக்கமும் தாங்கள்தான் மற்றவனை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாகப் பிரிவார்கள்.

அறையை வாடகைக்கு விட்ட அறைக்காரிக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. ஆகவே சேர்ந்த தட்டுகளைப் பழைய சாரத் துணியில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்து, மாதந்தோறும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மற்றப் பெண்களின் புருஷன்மார் கொழும்பிலிருந்து கேக்கும் திராட்சையும் கொண்டுவர, பூரணத்துக்கு மட்டும் கன்னம் உப்ப ஊதுகிற கறுப்பு மனிதர்களின் படம் வந்தது.

“உதை வச்சுக் கறியோ காய்ச்சிறது?” என்பாள்.

இசைத்தட்டு ஒரு பக்கம் இருக்க, சனிக்கிழமை மாலைகளில் அவர் கொழும்புக் கோட்டையில் ஒரு ஹோட்டலின் கீழ்மாடியில் இருந்த கிளப்புக்கும் போவார். ஒரு சோடாவை வாங்கி மேடைக்குப் பக்கத்து மேசையில் வைத்துக்கொண்டு மாலை முழுவதும் இருப்பார். சோடா வெந்நீராகிவிடும். சாக்ஸபோன்காரர் தன்னுடைய பங்கை வாசிக்கும்போது சபை கேட்கும். ட்ரம்ஸ்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கினாலோ, ‘இவன் முடிக்கட்டும்’ என்று எல்லோரும் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். மார்க்கண்டர் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார். கோயில் வீதியில் தவில் சமா கேட்டு வளர்ந்த உடம்பு அது. தனி ஆவர்த்தனம் என்றால் கை சும்மா இருக்குமா? மேசையில் தட்டியும் விரல் எண்ணியும் ஆதி தாளம் போட்டுக்கொண்டேயிருப்பார்.

ட்ரம்ஸ் வாசித்தவர் பேதுரு, நீர்கொழும்புக்காரர், தமிழும் கதைப்பார். ஒருநாள் இடைவேளையில் நேரே இவருடைய மேசைக்கு வந்துவிட்டார்.

“நான் வாசிக்கிறப்ப நீங்க விரல்ல என்ன எண்ணுறீங்க?” என்று கேட்டார்.

“கணக்குப் பாக்கிறன். கணக்குப் பாராமல் கேட்டால் அது வாசிக்கிறவருக்கு மரியாதை இல்லை.”

 அன்றிலிருந்து பேதுரு தன்னுடைய தனியை அந்த மேசையைப் பார்த்தே வாசித்தார். எங்கெங்கோ சுற்றித் திரிந்து கடைசி அடியில் வந்து விழும்போது மார்க்கண்டரின் கையும் சரியாக மேசையில் விழும். பேதுரு குச்சியை இவருக்கு நேரே நீட்டிச் சிரிப்பார். வேலையில் கிடைத்த உயர்வுகளை எல்லாம் மறந்துபோன பிறகும் அந்தக் குச்சி நீட்டல் மார்க்கண்டருக்கு மறக்கவில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அந்த அறை எரிந்தது. அவர் உடுத்த உடுப்போடு அகதி முகாமில் கிடந்து, சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தார். படலையைத் திறந்துகொண்டு வந்த உருவத்தை முதலில் யாரென்றே பூரணத்துக்குத் தெரியவில்லை. தெரிந்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டு குழறி அழுதாள். மனிதர் செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துக் கேட்ட முதல் கேள்வி, “றெக்கோட் மட்டையளுக்குக் கறையான் பிடிக்கேல்லையே?” என்பது. வந்து போகிற எல்லோருக்கும் பூரணம் இதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவாள். சொல்லும்போதே சிரிப்பும் வந்துவிடும். உயிரோடு வந்து கேட்டாரே, அது போதாதா அவளுக்கு?

அதன் பிறகு அவர் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கு எழுதினார். மாலையில் வீட்டுக்கு வந்து, முன்பு கப்பல்காரன் ஒருவன் கொடுத்து, அறைக்காரிக்குப் பயந்து ஊரில் கொண்டுவந்து வைத்திருந்த சின்ன பற்றறி கிராமபோனில் தட்டுகளைப் போடுவார். தொண்ணூறில் சண்டை மூண்டு மின்சாரம் போனது. பற்றறி ஊருக்குள் வரத் தடை. வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பாவித்த கடைசிப் பற்றறியும் செத்தது. பேதுருவைப் போன்றவர்கள் எல்லோரும் மட்டைக்குள் வாயை மூடிக்கொண்டு படுத்துவிட்டார்கள்.

அது போதாதென்று அடுத்த வருஷம் குண்டு விழுந்தது. பின் காணியில், வாழைகளுக்கு நடுவில். கிணற்றடியில் நின்ற மார்க்கண்டரைக் காற்று தூக்கி வேலியில் போட்டது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை, இரண்டு காதிலும் இரத்தம் மட்டும். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்குத்தர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: சவ்வு கிழிந்திருக்கிறது, தானாக மூடவும் கூடும், தண்ணீர் படாமல் பாருங்கள், பொறுத்திருங்கள். வேறு என்ன செய்வார், மருந்தும் இல்லாத காலத்தில்.

பொறுத்திருந்தார்கள். குண்டு போடுகிற பொம்மர் வந்தால் சனம் பங்கருக்குள் பாயும். இவர் ஒன்றும் கேட்காமல் பின் காணியில் நின்று வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருப்பார். பூரணம் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். கடைக்கோ கோயிலுக்கோ அவளால் நிம்மதியாகப் போக முடியவில்லை. பாதி வழியில் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடிவருவாள்.

மத்தியானங்களில் அவர் இசைத்தட்டு மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடித் தொடையில் தாளம் போடுவார். முடிகிற இடத்தில் கை சரியாக விழும், முகம் மலரும். அடுப்பை விட்டுக் குசினி வாசலில் வந்து நின்று அதைப் பார்த்துப் பூரணம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி அழுவாள். இத்தனை வருஷம் ‘பேய் மேளம்’ என்று திட்டியதற்கு அவளுக்கு இப்போது நெஞ்சு சுட்டது.

சில மாதங்களில் காது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முதலில் காகம். பிறகு கிணற்றுக் கப்பி. பிறகு பூரணத்தின் குரல், அதுவும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. கதைப்பது விளங்கத் தொடங்கியதும் எல்லோரும், “இனி உங்கடை பாட்டுக் கேக்கலாம்” என்றார்கள். மார்க்கண்டர் அந்தப் பேச்சையே எடுக்கவிடமாட்டார். அவருக்குப் பயம். கதை கேட்க அரைக் காது போதும். பாட்டைக் கேட்டு, அது பாட்டாக இல்லாவிட்டால்? தலைக்குள் இருக்கிற பேதுருவும் கெட்டுப்போனால்? கேட்காமலே இருந்தால் அதுவாவது மிஞ்சும் என்று நினைத்தார்.

பூரணம் அவரிடம் ஒரு சொல்லும் கேட்காமல், சந்தியில் றேடியோ திருத்துகிற யாகப்புவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஊரெல்லாம் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்கிற காலம். யாகப்பு சைக்கிளைக் குசினிப் பக்கத்து முற்றத்தில் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயர் பிடித்து, யன்னல் வழியாக உள்ளே கிராமபோனுக்குக் கொடுத்தான். பெடலைக் கையால் சுற்றவேண்டும்.

“அக்கா, ஒரே சீராய்ச் சுத்துங்கோ. கூடக் குறையச் சுத்தினால் தட்டும் கூடக் குறையத்தான் சுத்தும்,” என்று வெளியில் வைத்துப் பூரணத்துக்குச் சொல்லிவிட்டுப் போனான். இனி மறுக்க வழியில்லாமல் உள்ளே தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் அதைச் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பூரணம் பலகைக் கட்டையில் குந்தி, திரிகையில் உழுந்து உடைப்பது போலப் பெடலைச் சுற்றினாள். உள்ளே தட்டுச் சுழன்றது. மார்க்கண்டர் ஊசியை வைத்தார்.

ட்ரம்பெட் வந்தது. அதே ட்ரம்பெட்! ஒரு பிசிறு இல்லாமல், வெயில் விழுந்த பித்தளை போலப் பளிச்சென்று. பின்னால் பியானோ, அதன் பின்னால் ட்ரம்ஸின் தகட்டுச் சத்தம்கூட. அவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் தானாக வழிந்தது.

பாட்டுப் பாதி போயிருக்கும். ட்ரம்பெட் இறங்கத் தொடங்கியது. இறங்கி இறங்கிச் சங்குக் குரலாயிற்று. ட்ரம்ஸ்காரர் கள்ளுக் குடித்தவர் போலக் கால் பின்னினார். பியானோ சேற்றுக்குள் நடந்தது. மார்க்கண்டர் காதைக் குடைந்து பார்த்தார், தலையைத் தட்டிப் பார்த்தார். இன்னும் இறங்கியது.

“பூரணம்!” என்று கத்தினார். “நிப்பாட்டு! என்ரை காது போட்டுது. எல்லாம் முடிஞ்சுது!”

அவள் பெடலை விட்டுவிட்டு ஓடிவந்தாள். மனிதர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குழந்தையைப் போல அழுதுகொண்டிருந்தார்.

“என்னப்பா, என்ன கேக்குது?”

“முதல் நல்லாய்த்தான் கேட்டுது. பிறகு எல்லாம் கீழை போகுது. ட்ரம்பெட் மாடு கத்திறமாதிரிக் கேக்குது. சவ்வு திரும்பக் கிழிஞ்சிட்டுது போலை.”

பூரணம் வலது தோளைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள். பிறகு அவளுக்கு விளங்கியது. நின்ற இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டாள்.

“ஐயோ அப்பா! உங்கடை காது போகேல்லை, என்ரை கைதான் போட்டுது. வலக்கை நோகுதெண்டு இடக்கைக்கு மாத்தினன். அதுவும் உளையுது, வேகமாய்ச் சுத்த ஏலாமல் போச்சு!”

“மெய்யே சொல்லுறாய்?”

“பின்னை? இருங்கோ, இப்ப கேளுங்கோ!”

திரும்ப ஓடிப்போய் இரண்டு கையாலும் பெடலைப் பிடித்து, பழி தீர்க்கிறவள் போலச் சுற்றினாள். ட்ரம்பெட் மேலே, மேலே ஏறி, ஊதுகிறவரின் குடுமியில் யாரோ பிடித்து இழுப்பது போலக் கீச்சிட்டது. ட்ரம்ஸ்காரர் ஓட்டமாக ஓடினார். மார்க்கண்டர் சிரித்தார். கண்ணைத் துடைக்கத் துடைக்கச் சிரித்தார். நெஞ்சில் இத்தனை மாதம் ஏறியிருந்த கல் உருண்டு போனது. தன்னுடைய காது முழுசாக இருக்கிறது. போனது பூரணத்தின் தோள்மூட்டு மட்டுந்தான். அதற்கு நல்லெண்ணெய் பூசலாம்.

“கொஞ்சம் மெல்லச் சுத்தனப்பா, ட்ரம்பெட் ஊதுறவன்ரை உயிர் போப்போகுது!”

அவள் மெல்லச் சுற்றினாள். பாட்டு தன் இடத்துக்கு வந்தது. ட்ரம்ஸ் தனி தொடங்கியது. அவருடைய கை தொடையில் தாளம் போடத் தொடங்கியது. கணக்கு முடிய இன்னும் கொஞ்சந்தான் இருந்தது. பேதுருவாயிருந்தால் குச்சியை நீட்டுகிற இடம்.

மார்க்கண்டர் அந்த இடத்தில் ஊசியைத் தூக்கிவிட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு குசினிப் பக்கம் ஓடி, பெடலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்தார்.

“எழும்பு! பொம்மர்!”

“எங்கை? எனக்கொண்டும் கேக்கேல்லையே.”

“எனக்குக் கேக்குது. வா!”

இழுத்துக்கொண்டு ஓடினார். பங்கருக்குள் இறங்கி, பனங்குற்றிகளுக்குக் கீழே இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். பூரணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள். கொஞ்சம் பொறுத்து, பலாலி விமானத்தளப் பக்கத்திலிருந்து மெல்லிய இரைச்சல் ஒன்று வந்து, உயரத்தில் கடந்து, எங்கேயோ போனது. அந்த இருட்டுக்குள் அவள் அவருடைய தோளில் முகத்தை வைத்து, சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னாள்:

“ஓமப்பா. எனக்கு இப்பதான் கேட்டுது.”