பதினேழாவது கேள்வி

என் மேசை இழுப்பறையில் பழுப்பேறிய ஒரு வினாப் படிவம் கிடக்கிறது. அதில் பதினேழாவது கேள்வியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். போட்டவர் பெரம்பலூர் பேருந்து நிலையத்துக்கு அருகில் டைப்பிங் சென்டர் வைத்திருந்த அக்கா. ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்வது அவருக்குப் பிழைப்பு. தலைப்புகளைப் படித்துத் தனக்குள் சிரித்துக்கொள்வது பொழுதுபோக்கு.

அப்போது நான் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்குமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும். வாங்கிய கால நீட்டிப்பும் முடியப்போகிறது. கட்டுரை வராவிட்டால் பதிவே ரத்தாகிவிடும். தலைப்புத் தேடுவதில் எங்களுக்கு ஒரு சுலப வழி இருந்தது. வேறு மாவட்டத்தில் யாரோ செய்த ஆய்வை எடுத்து ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொள்வோம். வினாப் படிவமும் அப்படியே வந்துவிடும். நானும் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆய்வொன்றைப் பிடித்து, அரும்பாவூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர்களிடம் வெயிலில் அலைந்து பதில் வாங்கினேன். இரண்டு இதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று இரண்டுமே கேட்டிருந்தன. எனக்கு அழுகையாக வந்தது.

மூன்றாம் முறை திருத்தி, நிரப்பிய படிவக் கட்டோடு எடுத்துப்போனபோது அக்கா பென்சிலை எடுத்து வட்டம் போட்டார். “மேடம், அரும்பாவூருக்கு ஏதுங்க மேட்டூர் தண்ணி?”

மேட்டூர் அணை தாமதமாகத் திறந்தால் உங்கள் சாகுபடி பாதிக்கப்படுகிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. நான் அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக்கரையோரம் பிறந்தவள். மேட்டூர் எப்போது திறக்கும் என்பது எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. அதனால் கேள்வி எனக்கு உறுத்தவேயில்லை. கிணற்றை நம்பி வெங்காயம் போடுகிறவர்களுக்கு அந்த அணை திறந்தால் என்ன, மூடினால் என்ன? வெட்கத்தில் காது சுட்டது. அக்காவோ படிவக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“தப்பா கேட்டது கெடக்கட்டும். முக்காவாசிப் பேரு ‘சில சமயம்’னு டிக் போட்டிருக்காங்களே, அது ஏன்? எனக்கு அது தெரிஞ்சாவணுங்க.”

எனக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது. மறுபடி பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கையை நிறுத்தாமல் சொன்னார்: “வெயில்ல வந்து கேக்குறீங்க. இல்லன்னு சொன்னா ஒங்க முகம் வாடிடும்ல? அதான் நடுவுல இருந்ததச் சொல்லிட்டேன்.”

எந்தக் கேள்விக்கு உள்ளதைச் சொன்னார்கள், எந்தக் கேள்விக்கு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள் என்று வீடு வீடாகத் தோண்ட ஆரம்பித்தேன். ஆய்வு இவ்வளவு ருசியான வேலை என்பது அன்றுதான் தெரிந்தது. அதுவே என் தலைப்பானது. இதழ் ஏற்றுக்கொண்டது, பட்டம் வந்தது, வேலையும் நிலைத்தது.

அந்தக் கட்டுரையையும் அக்காதான் தட்டச்சு செய்தார். கடைசியில் நன்றிப் பகுதி. நெறியாளர், முதல்வர், நூலகர், என் கணவர் என்று நான் சொல்லச் சொல்ல அடித்தவர், விசைப்பலகையில் விரல் வைத்தபடியே, “அவ்ளோதானா மேடம்?” என்றார்.

“அவ்ளோதான்க்கா” என்றேன்.

டைப்பிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. தலைப்புக் கேட்டு வரும் மாணவிகளிடம் நான் இந்தப் படிவத்தை எடுத்துக் காட்டுவேன். நேற்று ஒருத்தி வட்டத்தைப் பார்த்துவிட்டு, “இதப் போட்டவங்க பேரு என்னங்க மேம்?” என்று கேட்டாள். படிவத்தின் முதல் கேள்வியே பெயர்தான். அரும்பாவூரில் ஒருவர் விடாமல் கேட்டு எழுதியிருக்கிறேன். அக்காவிடம் அதைக் கேட்டதே இல்லை.